குத்துவிளக்கு ஒட்டிய கட்டில்

அந்த யோசனை எனக்குக் கழிவறையில் வந்தது. ஒரு கையில் சலைன் கம்பி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் குடுவை. வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது எங்கும் ஓடிவிடாது. குடுவையைக் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்தது சிறுநீரின் நிறம் இல்லை. தீபாவளிக்கு விருந்தாளிகளுக்குக் கலக்குகிற ஆரஞ்சு பானத்தின் நிறம்.

மணியை அழுத்தினேன். புஷ்பா மிஸ்ஸி வந்தார். பினாங்கில் நர்ஸ் எந்த இனத்தவராக இருந்தாலும் எங்களுக்கு மிஸ்ஸிதான். இவர் தமிழர், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையிலிருந்து வருகிறவர், என்னைவிட ஒரு இருபது வயது மூத்தவர்.

"மிஸ்ஸி, ரத்தம் போகுது."

குடுவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ரத்தம் இல்ல தம்பி. மருந்து கலரு. பயப்படாதீங்க."

"என்ன மருந்து?"

"இன்ஃபெக்‌ஷன் மருந்துதான்."

"என்ன இன்ஃபெக்‌ஷன்?"

"வயித்துல லா தம்பி. டாக்டர் வருவாரு, சொல்வாரு. போய்ப் படுங்க."

பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல். எனக்கு மீசை இருக்கிறது, வருமான வரி கட்டுகிறேன். அவர் போனதும் அங்கேயே நின்று கைப்பேசியில் 'மாத்திரை, ஆரஞ்சு சிறுநீர்' என்று தட்டினேன். வந்த பக்கங்கள் எல்லாம் ஒரே மருந்தைச் சொல்லின. சிறுநீர் மட்டுமல்ல, வியர்வையும் கண்ணீரும்கூட அதனால் நிறம் மாறுமாம். பனியனின் கழுத்தைப் பார்த்தேன். வெளிறிய ஆரஞ்சுக் கறை. அம்மா பூசிவிட்ட குங்குமம் ஒழுகியிருக்கிறது என்று காலையில் நினைத்திருந்தேன். பக்கத்தைக் கீழே தள்ளினேன். எதற்கான மருந்து என்று இருந்தது. காசநோய்.

என் உடம்பின் ஓட்டைகள் எல்லாம் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. வாய் உள்ள மனிதர்கள் மட்டும் சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் அளவீட்டுப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் வேலையின் அரிச்சுவடி இதுதான்: பொருளை அளப்பதற்கு முன் அளக்கிறவரை அளந்துகொள். ஒரே சிப்பைப் பல பேரிடம் கொடுத்து, மறுபடி மறுபடி அளக்கச் சொல்வோம். ஆளுக்கு ஆள் எண் மாறினால் அந்த எண் சிப்பைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது. அதை நம்பி ஒரு பெட்டியைக்கூட அனுப்ப மாட்டோம். இந்த மருத்துவமனையில் என் இனம், மதம், மொழி, சாப்பாடு எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டார்கள். என் தலைமாட்டில் குத்துவிளக்குப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். 'இந்து இந்தியர்' என்று அர்த்தம். எனக்கு மருந்து கொடுக்கிறவர் எதை நம்புகிறார், எதை மறைப்பது நல்லது என்று நினைக்கிறார் என்று மட்டும் யாருமே கேட்டிருக்கவில்லை. நர்ஸை அளக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக. அந்த யோசனை வந்த வேகத்தில் கம்பியோடு சேர்த்து நானே விழப்பார்த்தேன்.

இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

சாப்பிட்டால் வயிறு முறுக்கும். எடை குறைந்தது. ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கிற கிளினிக்கில் 'கேஸ்ட்ரிக்' என்று ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். வேலை இருந்தது, புது இயந்திரம் வந்திருந்தது, எனக்கு நோயாளியாக நேரமில்லை. ஒரு மத்தியானம் தொழிற்சாலைக் கேன்டீனில் மடங்கி உட்கார்ந்தவன் நிமிர முடியவில்லை. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது.

அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி, அடைத்து, ஓட்டை விழுந்திருந்தது. அறுவை மருத்துவர் ஒரு சீனர், நிதானமானவர். படம் வரைந்து காட்டினார். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுப்பார்கள். உடனே இணைத்துத் தைத்தால் பிரிந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். மலம் அந்த வழியாக ஒரு பையில் வந்து விழும். குணமான பிறகு மறுபடி உள்ளே வைத்து மூடலாம். வெட்டிய துண்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி ஏன் இப்படி ஆனது என்று பார்ப்பார்கள், அதுதான் பயாப்சி. நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் குமார் பிறையிலிருந்து தொழிற்சாலை உடுப்போடு மோட்டாரில் பாலம் தாண்டி வந்திருந்தான். பேனா மூடியை அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

விழித்தபோது பை இருந்தது.

அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டோமா என்பது உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவந்த ஈரமான சதை. தொட்டால் உணர்ச்சி இல்லை, ஆனால் தானாக அசையும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்குத் துப்பும். பச்சையும் பழுப்புமாகத் தண்ணீராக வரும். பை நிரம்பினால் ஒட்டின ஓரம் விட்டுக் கசியும். கசிந்தால் தோல் வெந்துபோகும். நாற்றம் என் நாற்றம்தான், ஆனால் இடம் மாறிவிட்ட நாற்றம். முதல் முறை பார்த்துக் குமட்டினேன். குமட்டினால் தையல் கிழிகிற மாதிரி வலிக்கும். வலிக்குப் பயந்து குமட்டலை அடக்கக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் அந்தப் பையைக் காலி செய்யக் கற்றுக்கொண்டான். முகம் சுளிக்கவில்லை. "டேய், எங்க ஃபேக்டரி கெமிக்கல் டேங்கு இதவிட மோசம்டா" என்றான். பொய். ஆனால் நல்ல பொய். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அந்தப் பொய்யைப் புதுசு புதுசாகச் சொன்னான். அவன் இல்லையென்றால் நான் அந்த வார்டில் யாரையாவது கடித்திருப்பேன்.

கடிக்கக் காரணம் இருந்தது. அந்தக் குத்துவிளக்கு.

குத்துவிளக்கு ஒட்டிய கட்டிலுக்குச் சமையலறையிலிருந்து சைவச் சாப்பாடு வரும். நான் கோழி சாப்பிடுகிறவன், வெள்ளிக்கிழமையும் சாப்பிடுகிறவன். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டோமா வைத்தவன் முதல் வாரங்களில் நார்ச்சத்தைத் தொடவே கூடாது, அடைத்துக்கொள்ளும். மருத்துவர் சாப்பாட்டுக் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தார். தட்டில் வந்தது கீரைக்கூட்டும் முருங்கைக்காய் சாம்பாரும். குறிப்பை ஸ்டிக்கர் ஜெயித்துவிட்டது. திருப்பி அனுப்பினால், தட்டைத் தூக்கி வந்த பெண் ஆச்சரியப்பட்டார்: "இந்தியன் சாப்பாடு பிடிக்கலையா?"

வலி விஷயம் இன்னும் கேவலம். வலிக்கிறது என்று சொன்னால் ஊசி தாமதமாக வந்தது. ஏன் என்று நோர் மிஸ்ஸிதான் பிறகு சொன்னார். நோர் மலாய்க்காரர், பாலிக் பூலாவ் பக்கம், கிட்டத்தட்ட என் வயது. மலாயில்தான் பேசுவார், தமிழில் எழுதுகிறேன்; என்னைத் தம்பி என்கிற 'அடிக்'கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

"எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது, அடிக். இந்தியர்கள் வலி வந்தால் சத்தம் போடுவார்கள், அது அவர்கள் பண்பாடு, பதற்றப்படாதீர்கள் என்றார்கள்."

"மலாய்க்காரர்கள்?"

"பொறுத்துக்கொள்வோமாம். என் அம்மாவை அவர்கள் பார்த்ததில்லை."

வெட்டிய வயிற்றோடு படுத்திருக்கிறவன் கத்தினால் அது பண்பாடு. மதித்து, தலையாட்டி, நகர்ந்துவிட வேண்டும். இதற்குத்தான் 'பண்பாட்டு உணர்வுள்ள பராமரிப்பு' என்று வராந்தாச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கைகூப்பிய ஒரு நர்ஸின் படத்தோடு. தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

ஆரஞ்சு நாளுக்கு வருகிறேன். நோரின் முறை மத்தியானம் ஆரம்பித்தது. என் மாத்திரைகளின் பெயர்களைப் படிக்கச் சொன்னேன். படித்தார். காசநோயா என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றார். திரையில் தேடினார். "விளக்கிச் சொல்லியாயிற்று என்று பதிவாகியிருக்கிறதே. குடும்பத்துக்கு." பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். வெட்டிய துண்டில் காசநோய்க் கிருமிகள் இருந்தன. நுரையீரலில் வருவது போலக் குடலிலும் வரும். என் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, அதனால் நான் இருமி யாருக்கும் பரவப்போவதில்லை. புற்றுநோய் இல்லை. மாத்திரையால் குணமாகும், ஆனால் மாதக்கணக்கில், ஒரு நாளும் விடாமல். விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்; அப்புறம் அதே மருந்து வேலை செய்யாது.

விட்டால் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் நான் விட்டிருந்தேன். சின்னக் கோப்பையில் உறை பிரித்து வருகிற அந்த மாத்திரைகள் குமட்டின. 'இன்ஃபெக்‌ஷன் மருந்துதானே' என்று சில வேளைகளில் டிஷ்யூவில் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். புஷ்பா மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

சாயந்திரம் அம்மா கஞ்சியோடு வந்தார். அண்ணனும் கூட. அம்மா கஞ்சியை ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. சில நாட்களாகவே இருந்தது. வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். இப்போது புரிந்தது. வீட்டில் மற்ற தம்ளர்களோடு கலந்துவிடாமல் இருக்க அடையாளம்.

"அம்மா, எனக்கு என்ன நோய்?"

"இன்ஃபெக்‌ஷன் யா."

"பேரு?"

அம்மா எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். "மெதுவா பேசு. அந்தப் பக்கத்துக் கட்டிலு நம்ம புளோக்குக்கு அடுத்த புளோக்கு."

"டிபி தானே?"

"யாரு சொன்னா? அந்த மலாய்க்காரப் பொண்ணா?"

"என் மூத்திரம் சொன்னிச்சு."

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் திரைக்கு வெளியே போனான். அம்மா சிரிக்கவில்லை.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா, சயரோகம்னு ஒரு சொல்லு போதும். ரொம்ப மாலு யா."

"வயித்துல பை தொங்குதும்மா. அதுக்கு மேல என்ன மாலு?"

"அது ஆப்பரேஷன். ஆப்பரேஷன் யாருக்கும் வரும்."

மாலு என்றால் வெட்கம்; இந்த வெட்கக் கணக்கை நான் எந்தக் கருவியை வைத்து அளப்பேன்? மலம் வயிற்று வழியாக வருவது கௌரவம். கிருமியின் பெயர் அவமானம். டாக்டர் வராந்தாவில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் மறுபடி ஸ்கேனுக்குப் போயிருந்தபோது. "உங்கள் ஆள் ஒருவரைப் போட்டிருக்கிறோம், அவர் உங்கள் பையனுக்குத் தமிழில் பக்குவமாகச் சொல்லிவிடுவார்" என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா நேராகப் புஷ்பாவிடம் போய், சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"நம்ம ஆளுன்னு நம்பித்தான் கேட்டேன்" என்றார் அம்மா. "வேற ஆளுன்னா கேட்டிருப்பேனா?"

இதுதான் எனக்கு அருவருப்பின் உச்சம். எனக்காகவே தேடி, பண்பாடு பார்த்து, பொருத்தம் பார்த்துப் போட்ட நர்ஸ். அந்தப் பொருத்தத்தாலேயே என் நோய் எனக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த நாள் மருத்துவரிடம் மாத்திரையை விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். விட்ட வேளைகள் அதிகமில்லை, தொடர்ந்து போகலாம், இனிமேல் விடாதே என்றார். பிறகு வருத்தப்பட்டார், நிஜமாகவே. "நான் அவரைப் போட்டதே உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான்." அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சேர்ந்து என்னை மடையனாக்கியிருந்தார்கள்.

என்னால் சும்மா படுத்திருக்க முடியாது. மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். நர்ஸ்களின் பண்பாட்டு மனதை அளக்க வாக்கியங்கள் எழுதினேன். 'நோயாளியின் பண்பாட்டை மதிக்கிறேன்.' 'நோயாளிக்கு உண்மை தெரியும் உரிமை உண்டு.' 'குடும்பத்தின் விருப்பம் முக்கியம்.' முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து ஒத்துக்கொள்ளவே இல்லை என்பது வரை கட்டங்கள். வார்டுத் தலைமை சிஸ்டர் சந்தேகமாகப் பார்த்தார், பையன் பொழுதுபோகட்டும் என்று விட்டார்.

தாள்கள் திரும்பி வந்தன. எல்லோரும் எல்லாவற்றுக்கும் முழுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியிடம் உண்மையைச் சொல்வதற்கும், குடும்பம் வேண்டாமென்றால் சொல்லாமல் இருப்பதற்கும், இரண்டுக்கும். எல்லாப் பொருளுக்கும் ஒரே எண் காட்டுகிற கருவி எங்கள் தொழிற்சாலையில் இருந்தால் அது உடைந்த கருவி, பழுதுக்குப் போகும். இங்கே அது வராந்தாவுக்குப் போயிற்று. சிஸ்டர் அந்த முடிவை அச்சடித்து, கைகூப்பிய நர்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்: எங்கள் செவிலியர் அனைவரும் உங்கள் பண்பாட்டை முழுமையாக மதிக்கிறார்கள். பையைத் தாங்கிக்கொண்டு அதன் எதிரில் நின்றேன். என் சொந்தக் குப்பை, கண்ணாடிச் சட்டத்தில்.

நோர் பக்கத்தில் வந்து நின்றார். "சிஸ்டர் கையில் கொடுக்கிற தாளில் யார் அடிக் ஒத்துக்கொள்ளவில்லை என்று போடுவார்கள்?"

"அப்போ எப்படிக் கேட்பது?"

"வேலையைக் கேள். மனசைக் கேட்காதே."

அது சரி. வாக்கியங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு நிலைமைகள் எழுதினேன். நோயாளி உங்களிடம் நேராகக் கேட்கிறார், எனக்கு என்ன நோய் என்று. சொல்ல வேண்டாம் என்று அவர் அம்மா முன்பே சொல்லியிருக்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? இன்னொன்று: பார்க்க வந்த உறவினர்கள் சுற்றி நிற்கும்போது பை கசிகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? பெயர் வேண்டாம், தாள் வேண்டாம். வந்து போகிறபோது கேட்டேன்.

வார்டில் இன்னொரு தமிழ் மிஸ்ஸி இருந்தார், ஜெயந்தி, சின்னப் பெண். ஸ்டிக்கர் ஒட்டினால் புஷ்பாவுக்கு ஒட்டுகிற அதே குத்துவிளக்குதான். "அம்மா அழுதா அழட்டும், உடனே சொல்லிடுவேன். அவன் உடம்பு, அவன் நோய்" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். கசிகிற பையைப் புஷ்பா, உறவினர்களை அனுப்பிவிட்டுத்தான் தொடுவார், நானே பார்த்திருக்கிறேன். ஜெயந்தி, "அவங்களும் பாத்துப் பழகட்டுமே லா" என்றார். ஒரே வார்டு, ஒரே மொழி, ஒரே கோவில். இரண்டு துருவம்.

நோரின் பதில் என்னைக் கவிழ்த்தது. அவரை நான் என் கட்சியில் சேர்த்து வைத்திருந்தேன்.

"முதலில் அம்மாவிடம் போவேன். அவரைச் சம்மதிக்க வைக்காமல் சொல்ல மாட்டேன்."

"என்னிடம் உடனே சொன்னீங்களே!"

"நீதான் எல்லாம் பார்த்துவிட்டு வந்து கேட்டாயே! மறைக்க என்ன மிச்சம் இருந்தது?"

மிச்சம் இருந்தது புஷ்பா மிஸ்ஸி. அந்த நாளுக்குப் பிறகு அவர் என் கட்டிலுக்குத் தேவைக்கு மட்டும் வந்தார். பை மாற்றுவது அவருடைய கைவேலை. அதில் அவரை மிஞ்ச அந்த வார்டில் ஆள் இல்லை. ஒரு காலை, பழைய பையைப் பிரித்து, தோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓட முடியாத நிலையில் நான், கையை எடுக்க முடியாத நிலையில் அவர். கேட்டேன்.

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. நோயாளி கேக்குறான். மொதல்ல என்ன செய்வீங்க?"

"அதான் செஞ்சேனே தம்பி. பாத்தீங்களே."

"நான் அந்த மாத்திரைய சில வேள முழுங்கல மிஸ்ஸி. உங்களுக்குத் தெரியுமா? என்னன்னு தெரியாம டிஷ்யூல சுத்திப் போட்டுட்டேன்."

துடைக்கிற கை நின்றது. "ஐயோ" என்றார், மிக மெல்ல. டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஸ்டோமா அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் துப்பியது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

"சரி, நோயாளி நீங்களா இருந்தா?" என்றேன். அது தாளில் இல்லாத கேள்வி. கோபத்தில் வந்தது.

புதுப் பையின் ஓட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினார். "எனக்கு மார்ல ஒரு கட்டி வந்துச்சு தம்பி. ரிப்போர்ட்ட எங்க வீட்டுக்காரர் வாங்கி வெச்சுக்கிட்டாரு. அவர் பையில இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. நான் நர்ஸு! கட்டி சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு. ஆனா அந்த ஆத்திரம் இருக்கே, இன்னும் போகல. அவர் பையத் தூக்கினாலே எனக்கு வயிறு எரியும்."

"அப்புறம் எப்படி மிஸ்ஸி எனக்கு..."

"உங்கம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க." பையை ஒட்டி, உள்ளங்கையால் சூடு ஏற அழுத்திப் பிடித்தார். அப்படிப் பிடித்தால்தான் பசை நிற்கும். கையை எடுக்காமலே சொன்னார்: "தமிழ்ல அழுதாங்க. அது உங்களுக்குப் புரியாது. வேற பாஷையில அழுதிருந்தா நான் ரூல்ஸ் பேசியிருப்பேன்."

எனக்கு அவர் மேல் இருந்த அருவருப்பு அன்று போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கருவியில் ஒரு ஓட்டை தெரிந்துவிட்டது. ஒரு மனுஷிக்கு ஒரு எண் என்று நினைத்திருந்தேன். புஷ்பாவுக்கு இரண்டு எண் வருகிறது: தனக்கு வேண்டியது ஒன்று, அடுத்தவருக்குக் கொடுப்பது வேறொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் நான் படுத்திருந்தேன். ஒவ்வொரு நிலைமைக்கும் கீழே இனி இரண்டு கேள்வி: நர்ஸாக என்ன செய்வீர்கள்? நோயாளி நீங்களாக இருந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?

புஷ்பா மிஸ்ஸி குப்பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "மிஸ்ஸிங்கள மட்டும் கேட்டா பத்தாது தம்பி. உங்கம்மாவையும் கேளுங்க."

செலவை ஏற்கும் காப்புறுதிக் கடிதத்துக்காகக் கீழ்த்தளத்தில் அண்ணன் ஒரு முழு மத்தியானம் காத்திருந்தான்; ஒருவழியாக வீட்டுக்கு வந்தேன். இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே ஒரு மிஸ்ஸி எதிரில் உட்கார்ந்து நான் மாத்திரையை விழுங்குவதைப் பார்ப்பார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். காசநோய் மருந்துக்கு நடைமுறையே அதுதான். முதல் நாள் கேவலமாக இருந்தது. இப்போது அந்த நாளில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்: மாத்திரையின் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறார். எடை ஏறுகிறது. சிறுநீர் இன்னும் ஆரஞ்சு.

சிவப்பு நூல் தம்ளரை அண்ணன் ஒரு நாள் எடுத்துக் பால் இல்லாத கோப்பி ஓ ஊற்றிக் குடித்தான், அம்மா பார்க்கும்படி. மறுநாள் நூல் இல்லை.

போன வாரம் மருத்துவர், மருந்து இன்னும் கொஞ்சம் வேலை செய்யட்டும், பிறகு குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம் என்றார். மறுபடி அதே வார்டு. நிலைமைக்கு இரண்டு கேள்வி என்று எழுதிய தாளை சிஸ்டர் மருத்துவமனை ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்; குழு இன்னும் பதில் தரவில்லை, தூங்கட்டும், நான் அனுப்பிக்கொண்டே இருப்பேன். இந்தத் தடவை தலைமாட்டில் ஸ்டிக்கர் ஒட்ட விடமாட்டேன். நம்ம ஆள் வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். யாரைப் போட்டாலும் மயக்க ஊசிக்கு முன்னால் அந்த முதல் நிலைமையைக் கேட்பேன். பதிலைக் கேட்டுத்தான் படுப்பேன்.

அதற்கு முன்னால் அம்மாவைக் கேட்டேன். நேற்று, பாசாரிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரை அவருக்கு, எனக்கில்லை.

"இதுல நர்ஸு நானா, நோயாளி நானா?" என்றார்.

"ரெண்டும்தான். மொதல்ல நோயாளின்னு வெச்சுக்குங்க. உங்களுக்கு ஒரு நோயி. சொல்ல வேணாம்னு நான் மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டேன்."

"செருப்பால அடிப்பேன்" என்றார் உடனே.

கீரைக் காம்பை ஒடித்து ஒடித்துப் போட்டார். பிறகு, "சரி, உன்கிட்டயே மொதல்ல சொல்லட்டும்" என்றார். "அப்புறம் என்கிட்ட யாரு சொல்லுவா? நீயா? வயித்து வலியவே என்கிட்ட சொல்லாத ஆளு நீ."

"நான் சொல்றேம்மா."

"பாதி சொல்லக் கூடாது."

"முழுசா சொல்றேன்."

"அழுவேன்."

"அழுங்க."

இந்தத் தடவை மருத்துவர் சொல்வதை அம்மாவிடம் முழுசாகச் சொல்வது: முதலில் செய்து பார்க்கப்போவது அதைத்தான்.